தானியங்கித் தினவணிகம்: தரகரை எதைக் கொண்டு அளப்பது?

காலையில் வாங்கிய பங்கை அன்று மாலைக்குள், சில வேளை சில நிமிடங்களுக்குள்ளாகவே விற்றுக் கணக்கு முடிக்கும் தினவணிகத்தைக் கணினி நிரல் ஒன்றிடமே ஒப்படைப்பது இந்தியாவில் இன்று சிறு முதலீட்டாளருக்கும் இயலுகிற செயலாகிவிட்டது. பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி, தரகரின் ஊழியர் இடையில் நில்லாமல் பெரிய நிறுவன முதலீட்டாளர்கள் சந்தையின் கணினிக்கு நேரடியாக ஆர்டர் அனுப்பலாம் என்று 2008 ஏப்ரலில் அனுமதித்ததே இதன் தொடக்கமாகும். அடுத்து வந்த ஆண்டுகளில் ஸெரோதா, அப்ஸ்டாக்ஸ், ஏஞ்சல் ஒன், ஃபயர்ஸ் போன்ற சலுகைக் கட்டணத் தரகு நிறுவனங்கள் தம் வாடிக்கையாளருக்கு ஏபிஐ எனப்படும் இணைப்பு வசதியைத் திறந்துவிட்டதால், அதே வாய்ப்பு வேறு வடிவில் தனிநபர் கைக்கும் வந்தது. ஏபிஐ என்பது ஒரு மென்பொருள் மற்றொரு மென்பொருளிடம் வகுத்த முறைப்படி விவரம் கேட்கவும் கட்டளையிடவும் உதவும் வழி. அதன் மூலம் வீட்டுக் கணினியில் ஓடும் நிரல், தரகரின் கணினியிடம் விலை கேட்டு, முன்பே எழுதிவைத்த விதி பொருந்தியதும் வாங்கவோ விற்கவோ சொல்கிறது.

இந்த ஏற்பாட்டில் இரண்டு உறுப்புகள் உள்ளன. ஆர்டரைச் சந்தைக்குக் கொண்டுசேர்ப்பது தரகரின் வேலை. எப்போது, எதை, எவ்வளவு என்று முடிவெடுப்பது மென்பொருளின் வேலை. மென்பொருளிலும் பல வகைகள் உண்டு. பைத்தான் மொழியில் தாமே நிரல் எழுதிக்கொள்வோர் ஒரு வகையினர். போலந்து நாட்டில் உருவாகி இந்தியத் தினவணிகரிடையே நெடுங்காலமாகப் புழங்கிவரும் ஆமிபுரோக்கர் போன்ற கணினி மென்பொருளில் அதற்குரிய சிறு மொழியைக் கற்று விதிகளை எழுதுவோர் மற்றொரு வகையினர். நிரலே அறியாதவர்கள் ஸ்ட்ரீக், டிரேட்ரான், அல்கோடெஸ்ட் போன்ற இணையத் தளங்களில் விதிகளைத் தேர்ந்து அடுக்கி உத்தி ஒன்றை உருவாக்கிக்கொள்கின்றனர். இவற்றை ஒப்பிடும் விளம்பரங்களும் அட்டவணைகளும் பெரும்பாலும் கட்டணத்தையும் வசதிகளின் எண்ணிக்கையையுமே முன்வைக்கின்றன. ஆனால் குறுகிய கால வணிகத்தில் தரகரோ மென்பொருளோ இலாபத்தை உண்டாக்கித் தருவதில்லை. இலாபம் கசியும் வழிகளைக் கூட்டவோ குறைக்கவோ மட்டுமே அவற்றால் முடியும் என்பதால், ஒப்பீடு அந்தக் கசிவுகளிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரு இலட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கி அதே விலைக்கு அன்றே விற்றால் ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆர்டர் ஒன்றுக்கு அதிகபட்சம் 20 ரூபாய் வாங்கும் தரகரிடம் இரு முறைக்கும் சேர்த்து 40 ரூபாய். விற்கும் மதிப்பில் 0.025 விழுக்காடு என விதிக்கப்படும் பங்குப் பரிவர்த்தனை வரி 25 ரூபாய். தேசியப் பங்குச் சந்தையின் கட்டணம் ஏறத்தாழ 6 ரூபாய். வாங்கும்போது முத்திரைத் தீர்வை 3 ரூபாய். தரகுக்கும் சந்தைக் கட்டணத்துக்கும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சுமார் 8 ரூபாய். ஆக, விலை அசையாமலே 82 ரூபாய்க்குச் சற்று மேல் கரைகிறது. நிரல் நாளொன்றுக்கு ஒரே ஒரு முறை இப்படி வாங்கி விற்றாலும், ஆண்டின் சுமார் 245 வணிக நாட்களில் இருபதாயிரம் ரூபாய், அதாவது முதலீட்டில் ஐந்தில் ஒரு பங்கு, போய்விடும். தரகுக் கட்டணமே வாங்காத நிறுவனத்தில் இதே சுற்றுக்கு 35 ரூபாய் ஆகும். ஆகவே தரகரை மாற்றுவதால் மிச்சமாவது மெய்யான தொகைதான், எனினும் அரசுக்கும் சந்தைக்கும் சேரும் பகுதியை எந்தத் தரகராலும் தள்ளுபடி செய்ய முடியாது. ஆப்ஷன் எனப்படும் விருப்ப ஒப்பந்தங்களில், விற்கும்போது பிரீமியம் எனப்படும் ஒப்பந்த விலையின் மீது விழும் பங்குப் பரிவர்த்தனை வரி 2024 அக்டோபர் 1 முதல் 0.0625 விழுக்காட்டிலிருந்து 0.1 விழுக்காடாக உயர்த்தப்பட்டதால், அடிக்கடி வாங்கி விற்கும் உத்திகளின் செலவும் கூடியது.

எந்த ரசீதிலும் காணப்படாத செலவு ஒன்றும் உண்டு. வாங்குவோர் கேட்கும் விலை 500 ரூபாயாகவும் விற்போர் சொல்லும் விலை 500 ரூபாய் 10 காசாகவும் இருக்கையில், உடனே வாங்கி உடனே விற்கும் நிரல் பங்குக்குப் பத்துக் காசு இழக்கிறது. 200 பங்குகளுக்கு அது 20 ரூபாய். நிரல் நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை வணிகர்கள் ஸ்லிப்பேஜ் என்பர். பழைய விலைத் தரவுகளில் உத்தியை ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்ட் சோதனையில் பெரும்பாலான மென்பொருள்கள் இதைப் பூச்சியமாகவே வைத்துத் தொடங்குகின்றன. ஐந்து நிமிட நிலவரத்தைக் காட்டும் விலைக்கட்டத்தின் இறுதி விலையில் வாங்கியதாகவே அவை கணக்கிடும். ஆனால் அந்த விலை இதுதான் என்று தெரியவருவதே அக்கட்டம் முடிந்த பிறகுதான். எனவே ஸ்லிப்பேஜையும் வரிகளையும் பயனரே உள்ளிட இடமளிக்கும் மென்பொருள், அழகிய இலாபக் கோடு வரைந்து காட்டும் மென்பொருளைவிட மேலானது என்றே கொள்ள வேண்டும். தரகர்கள் இத்தகைய உத்திகளின் கடந்தகால வருவாயையோ எதிர்பார்க்கும் வருவாயையோ காட்டி வாடிக்கையாளரை ஈர்க்கலாகாது என்றும், அவ்வாறு செய்யும் தளங்களோடு தொடர்பு வைக்கலாகாது என்றும் 2022 செப்டம்பர் 2 அன்று செபி சுற்றறிக்கை விடுத்ததற்கும் இத்தகைய கோடுகளே காரணம்.

வேகத்தைப் பற்றிய விளம்பரங்கள் இன்னும் வெறுமையானவை. பெரிய நிறுவனங்கள் தம் கணினிகளைச் சந்தையின் வளாகத்துக்குள்ளேயே வாடகைக்கு வைத்திருக்கின்றன. கோ-லொகேஷன் எனப்படும் அந்த வசதியால் அவற்றின் ஆர்டர்கள் நொடியின் மிகச் சிறு கூறுகளுக்குள் சேர்ந்துவிடுகின்றன. வீட்டு இணையத்திலிருந்து தரகர் வழியே செல்லும் ஆர்டர் இந்தப் போட்டியில் இடம்பெறுவதே இல்லை. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ் எனப்படும் எதிர்கால ஒப்பந்தங்கள், ஆப்ஷன்ஸ் பிரிவில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழப்பே கண்டதாகவும், அவர்களின் மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் செபியின் 2024 செப்டம்பர் ஆய்வு கூறுகிறது. அதே ஆய்வின்படி, 2023-24இல் அந்நிய முதலீட்டாளர்கள் ஈட்டிய இலாபத்தில் 97 விழுக்காடும், சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் தரகு நிறுவனங்களின் இலாபத்தில் 96 விழுக்காடும் அல்காரிதம் (அல்கோ) எனப்படும் நிரல்களின் வழி வந்தவையாகும். இயந்திரத்தை வைத்திருப்பதாலேயே தனிநபர் வென்றுவிடுவார் என்பதற்கு இப்புள்ளிவிவரம் சான்றாகாது. எதிரே நிற்பதும் இயந்திரமே, அதுவும் சந்தைக்கு அருகில் நிற்கும் இயந்திரம் என்பதற்கே அது சான்று.

விலைத் தரவிலும் தரகருக்குத் தரகர் வேறுபாடு உண்டு. சந்தையில் நிகழும் ஒவ்வொரு பரிமாற்றத்தையும் தரகரின் இணைப்பு அனுப்புவதில்லை. குறித்த இடைவெளியில் எடுத்த நிலவரத்தையே அனுப்புகிறது. அதனால் ஒரே பங்கின் ஒரு நிமிட விலைக்கட்டம் இரு தரகரிடம் சில காசுகள் மாறுபடலாம். ஒரு தரகரின் தரவில் சோதித்த உத்தி மற்றொருவரின் தரவில் வேறு நேரத்தில் ஆர்டர் போடலாம்.

இவை அனைத்தையும்விடத் தரகரின் தரம் வெளிப்படுவது ஏதேனும் பழுதாகும் வேளையில்தான். 2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்புக் கோளாறால் தேசியப் பங்குச் சந்தை முற்பகல் 11.40 மணிக்கு நின்றது, மாலை 3.45க்கு மீண்டும் திறந்து 5 மணி வரை நடந்தது. ஆனால் சந்தை திறக்குமா என்பதே தெரியாத நிலையில் பல தரகர்கள், தடையின்றி இயங்கிவந்த மும்பை பங்குச் சந்தையில் வாடிக்கையாளர்களின் தினவணிகக் கணக்குகளைக் கிடைத்த விலைக்கு முடித்துவிட்டனர். அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று, தன் புதிய நிரலைக் கணினிகளில் சரிவர நிறுவாத ஒரே பிழையால், முக்கால் மணி நேரத்தில் ஏறத்தாழ 44 கோடி டாலரை இழந்தது. எனவே நிரலை ஒரே கட்டளையில் நிறுத்தும் வழி உண்டா, ஒரு நாளைய இழப்பு வரம்பைத் தரகர் தம் கணினியிலேயே அமல்படுத்துவாரா, இணையம் அறுந்தால் தொலைபேசியில் ஆர்டர் எடுக்க ஆள் உண்டா என்பவை முதலில் கேட்கப்பட வேண்டியவை.

இழப்பை வரம்பில் நிறுத்தும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் எங்கே தங்கியிருக்கிறது என்பதும் அவ்வாறே முக்கியமானது. சில தளங்கள் அதைச் சந்தைக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுகின்றன. சிலவோ தம் நினைவகத்திலேயே வைத்திருந்து, விலை தொட்டபின் அனுப்புகின்றன. பின்னதில் தளம் முடங்கினால் பாதுகாப்பும் முடங்கும். முன்னதும் முழுக் காப்பல்ல. ஆப்ஷன்களில் கிடைத்த விலைக்கு முடிக்கும் ஸ்டாப் லாஸ் வகையைத் தேசியப் பங்குச் சந்தை 2021 செப்டம்பரில் நீக்கிவிட்டதால், விலை வரம்பு குறித்த வகையே எஞ்சியுள்ளது, அந்த வரம்பைத் தாண்டி விலை பாய்ந்துவிட்டால் ஆர்டர் நிறைவேறாமல் நின்றுபோகும்.

மெட்டாடிரேடர் என்னும் பெயரும் இவ்விடத்தில் அடிக்கடி அடிபடுகிறது. அம்மென்பொருளில் குறையில்லை. அதைக் காட்டி அந்நியச் செலாவணி வணிகத்துக்கு அழைக்கும் அனுமதியற்ற வெளிநாட்டுத் தளங்களில்தான் சிக்கல் இருக்கிறது. அவற்றின் வழி வணிகம் செய்வது இந்தியாவில் வாழ்வோருக்குச் சட்டமீறல் என்பதால், ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் முதல் எச்சரிக்கைப் பட்டியலும் வெளியிட்டு வருகிறது.

சிறு முதலீட்டாளரின் அல்கோ வணிகத்துக்கென்றே செபி 2025 பிப்ரவரி 4 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இந்த ஒப்பீட்டின் அடிப்படையையே மாற்றியுள்ளது. முதலில் 2025 ஆகஸ்ட் 1 எனக் குறித்த தொடக்க நாள் பிறகு தள்ளிவைக்கப்பட்டது. இச்சுற்றறிக்கையின்படி, ஏபிஐ வழி வரும் ஆர்டர் வாடிக்கையாளர் முன்பே பதிவுசெய்த, மாறாத இணைய முகவரியிலிருந்தே வர வேண்டும். வீட்டு இணைப்புகளின் முகவரி அவ்வப்போது மாறும் என்பதால், பலர் மாத வாடகைக்கு மேகக் கணினி எடுக்க நேர்கிறது, அதுவும் செலவுக் கணக்கில் சேரும். நொடிக்கு 10 ஆர்டர் என்னும் வரம்பைத் தாண்டுவோர் தம் நிரலைச் சந்தையில் பதிவுசெய்ய வேண்டும். அவ்வாறு பதிந்த நிரலைத் தம் குடும்பத்தாருக்குப் பயன்படுத்தலாம், பிறருக்கு விற்கலாகாது. தர்க்கம் வெளிப்படையாகத் தெரியும் உத்திகளும், உள்ளே என்ன நடக்கிறதென்று பயனருக்குக் காட்டாத உத்திகளும் தனித்தனியே வகைப்படுத்தப்பட்டுள்ளன. பின்னதை வழங்குபவர் ஆய்வாளராகச் செபியிடம் பதிவுபெற்றிருக்க வேண்டும்.

இவ்விதிகளின்படி உத்தி வழங்கும் தளம் தரகரின் முகவராகவும் தரகர் அந்த முகவருக்குப் பொறுப்பேற்கும் முதன்மையராகவும் கருதப்படுவதால், தளத்தின் பிழையால் விளைந்த குறைகளுக்கும் வாடிக்கையாளர் தரகரையே கேட்கலாம். ஆனால் சந்தையில் முறைப்படி பட்டியலிடப்பட்ட, அந்தத் தரகரோடு ஒப்பந்தம் கொண்ட தளத்துக்கே இப்பொறுப்பு பொருந்தும். டெலிகிராம் குழுவில் விற்கப்பட்ட நிரலுக்காகத் தம் தரகுக் கணக்கின் கடவுச்சொல்லையும் ஏபிஐ சாவியையும் வேற்றாளிடம் கொடுத்தவர் அந்தப் பொறுப்பின் எல்லைக்கு வெளியே நிற்கிறார்.