சி.இ.ஓ-வுக்கு 80 கோடி... கோடு எழுதுபவருக்கு?

நள்ளிரவு ஒரு மணிக்கு ஒரு வங்கியின் ஆப் படுத்துவிட்டால், லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு கோளாறைத் தேடுவது சி.இ.ஓ அல்ல, டெவலப்பர்தான். அந்தத் தூக்கம் தொலைத்த இரவு சம்பளத்தில் எவ்வளவு மதிக்கப்படுகிறது?

2024-25 நிதியாண்டில் இன்ஃபோசிஸ் சி.இ.ஓ சலீல் பரேக் பெற்றது 80.62 கோடி ரூபாய். ஊழியர்கள் எல்லோரையும் சம்பள வரிசைப்படி நிற்கவைத்தால், நட்டநடுவில் நிற்பவர் வாங்குவதைப்போல இது 752 மடங்கு. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் இந்தக் கணக்கை வெளியிட வேண்டும் என்று 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் சொல்வதால்தான் நமக்கே இது தெரிகிறது.

அப்படியானால் அவருடைய வேலை 752 மடங்கு கடினமா? 80 கோடியைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. அடிப்படைச் சம்பளம் ஏழரைக் கோடிக்குள்தான். சுமார் 49.5 கோடி, முன்பே ஒதுக்கப்பட்ட பங்குகள் கைக்கு வந்ததன் மதிப்பு. பங்கு விலை ஏறினால் இதுவும் ஏறும். ஆக, இந்தத் தொகை அளப்பது வேலையின் கஷ்டத்தை அல்ல. பங்குதாரரின் லாபத்தோடு சி.இ.ஓ-வின் பையையும் சேர்த்துத் தைக்கும் ஏற்பாடு இது.

சி.இ.ஓ-க்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. டெவலப்பரின் தவறு பெரும்பாலும் டெஸ்ட்டிங்கிலேயே மாட்டிக்கொள்ளும். தலைமையின் தவறான முடிவு வெளியே தெரிவதற்கே சில ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் மூன்று லட்சம் பேரின் வேலை அதில் சிக்கியிருக்கும்.

'ரிஸ்க் அதிகம், அதனால் சம்பளமும் அதிகம்' என்ற வாதம்தான் இடிக்கிறது. விப்ரோவின் தியரி டெலாபோர்ட் பதவிக்காலம் முடியும் முன்பே 2024 ஏப்ரலில் விலகினார். விலகலுக்காக மட்டும் அவருக்குக் கிடைத்த ரொக்கம் 43 லட்சம் டாலருக்கு மேல். வேலை போகும் டெவலப்பருக்கு இரண்டு, மூன்று மாதச் சம்பளம் கிடைத்தாலே பெரிது!

இதை வெளியாட்கள் மட்டும் கேட்கவில்லை. 2017-ல் இன்ஃபோசிஸின் மூத்த அதிகாரி ஒருவருக்குச் சம்பளம் கணிசமாகக் கூட்டப்பட்டபோது, மற்ற ஊழியர்களுக்கு ஒற்றை இலக்க சதவிகிதத்தில் உயர்வு தரும் நேரத்தில் இது நியாயமில்லை என்று வெளிப்படையாக எதிர்த்தவர், நிறுவனர் நாராயணமூர்த்தியேதான்.

பெரிய ஐ.டி சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேரும் சாதாரண இன்ஜினீயருக்கான ஆரம்பச் சம்பளம், பத்து ஆண்டுகளுக்கு மேலாக வருடத்துக்கு மூன்று, மூன்றரை லட்சத்தை ஒட்டியேதான் நகர்கிறது. ஓ.எம்.ஆரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைக்கு, ஹவுஸ் ஓனர் மட்டும் பழைய வாடகையையா கேட்கிறார்?