பரிசும் படிப்பும்



சில ஆண்டுகளுக்கு முன் நாம் இரண்டாம் ஆண்டு வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். வகுப்புச் சுவரில் ஓர் அட்டை. அதில் மாணவர் பெயர்கள். ஒரு புத்தகம் படித்து முடித்தால் பெயருக்கு நேரே ஒரு வண்ண நட்சத்திரம் ஒட்டுவோம். முதல் மாதம் வாசிப்பு மூலையில் இடமில்லை. பிறகு அட்டை நிரம்பியது, நட்சத்திரங்களும் தீர்ந்தன. ஒரு நாள் புதிய கதைப் புத்தகம் ஒன்றை ஒரு சிறுவனிடம் நீட்டினோம். "சார், இதுக்கு நட்சத்திரம் உண்டா?" என்று கேட்டான். இல்லை என்றதும் திருப்பிக் கொடுத்துவிட்டான். அட்டை தொங்குவதற்கு முன், மணி அடித்த பிறகும் புத்தகத்தைக் கீழே வைக்காத பிள்ளை அவன்.

ஊக்குவிப்பதாக எண்ணி நாம் செய்த ஒன்று அவன் ஊக்கத்தை எப்படிக் குறைத்தது? இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகவே கொண்டவர் எட்வர்ட் டெசி என்னும் அமெரிக்க உளவியலார். அவருடைய ஆராய்ச்சி மாணவரில் தொடங்கி ஆசிரியரிடம் வந்து சேர்ந்த வழியை இன்று காண்போம்.

1969-ஆம் ஆண்டில் டெசி கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தார். பரிசும் தண்டனையுமே மனிதரை இயக்குகின்றன என்ற கொள்கை அந்நாளில் மேலோங்கி நின்றது. அதைச் சோதிக்க அவர் சோமா என்னும் புதிரைத் தேர்ந்தெடுத்தார். அதில் வெவ்வேறு வடிவமுள்ள ஏழு துண்டுகள் உண்டு. அவற்றைப் பொருத்திப் பல உருவங்களை அமைக்கலாம். கல்லூரி மாணவர்களை இரு குழுக்களாக்கி, ஒவ்வொருவரையும் மூன்று முறை வரவழைத்தார். முதல் முறை யாருக்கும் பணமில்லை. இரண்டாம் முறை ஒரு குழுவினருக்கு மட்டும், முடித்த ஒவ்வோர் உருவத்திற்கும் 1 டாலர் கொடுத்தார். மூன்றாம் முறை மீண்டும் யாருக்கும் பணமில்லை.

ஒவ்வொரு முறையும் நடுவில் எட்டு நிமிடம் ஏதோ வேலை என்று சொல்லி டெசி அறையை விட்டு வெளியேறுவார். அறையில் சஞ்சிகைகள் கிடக்கும். மாணவர் அவற்றைப் புரட்டலாம், புதிரைத் தொடரலாம், சும்மாவும் இருக்கலாம். அந்த எட்டு நிமிடந்தான் உண்மையான சோதனை. யாரும் கேட்காதபோது புதிரில் எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்பது மறைவாகக் கணக்கிடப்பட்டது. பணம் வாங்கியவர்கள், பணம் நின்ற பிறகு முன்னைவிடக் குறைந்த நேரமே புதிரைத் தொட்டார்கள். விளையாட்டாக இருந்தது கூலி வேலையாக மாறிவிட்டது.

1971-இல் வெளிவந்த இம்முடிவைப் பலர் ஏற்கவில்லை. நெடுங்காலம் வாதம் நடந்தது. 1999-இல் டெசியும், ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரையன் ஆகியோரும் அதுவரை நடந்த 128 சோதனைகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்தனர். ஒருவர் விரும்பிச் செய்யும் செயலுக்கு 'இதைச் செய்தால் இது தருவேன்' என்று முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கும் பொருட்பரிசு விருப்பத்தைக் குறைக்கிறது என்றும், அந்தக் குறைவு கல்லூரி மாணவரைவிடச் சிறுபிள்ளைகளிடம் அதிகம் என்றும் கண்டனர். எதிர்பாராமல் கிடைக்கும் பரிசுக்கு அந்தக் கெடுதல் இல்லை. ஆகவே, பரிசே ஆகாது என்பதன்று பொருள். பரிசைக் காட்டிப் பிள்ளையை இழுத்துச் செல்வதே கெடுதல்.

ரிச்சர்ட் ரையன் 1977 முதல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டெசியோடு இணைந்து ஆராய்ந்தவர். இருவரும் 1985-இல் ஒரு நூலாகத் தங்கள் கொள்கையை வெளியிட்டனர். உடலுக்கு உணவும் நீரும் போல மனித உள்ளத்திற்கு மூன்று தேவைகள் உண்டு என்பது அக்கொள்கையின் சாரம். 'இதை என் மனம் ஒப்பிச் செய்கிறேன்' என்ற தன்னுரிமை உணர்வு ஒன்று. 'என்னால் முடியும்' என்ற திறமை உணர்வு மற்றொன்று. 'என்னை விரும்புவோர் இங்கு உண்டு' என்ற உறவுணர்வு மூன்றாவது. இம்மூன்றும் கிடைக்கும் இடத்தில் ஊக்கம் வளர்கிறது, மனநலமும் செழிக்கிறது.

தன்னுரிமை என்றதும், பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிடுவதா என்று பெற்றோர் கேட்கலாம். இதற்கு விடை 1984-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் உண்டு. கோஸ்ட்னரும் ரையனும் மற்றிருவரும் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வண்ணம் தீட்ட விட்டனர். மேசையை அழுக்காக்கக் கூடாது என்பது விதி. ஒரு குழுவிடம் 'இப்படித்தான் நடக்க வேண்டும்' என்று கட்டளையாகச் சொல்லப்பட்டது. இன்னொரு குழுவிடம், வண்ணத்தை வாரி இறைப்பது இன்பமாகத்தான் இருக்கும், ஆனால் மற்றப் பிள்ளைகளுக்கும் இப்பொருள்கள் வேண்டும் என்று காரணத்தோடு விளக்கப்பட்டது. விதி ஒன்றே. ஆயினும் காரணமும் பரிவும் கலந்து கேட்ட பிள்ளைகளே பிறகு விரும்பித் தொடர்ந்து தீட்டினார்கள். கண்டிப்பு கூடாது என்று இவ்வாய்வு சொல்லவில்லை. கண்டிப்பை எந்தச் சொல்லால் வெளியிடுகிறோம் என்பதையே அது பார்க்கிறது.

தேர்வு அச்சத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1987-இல் வெண்டி குரோல்னிக்கும் ரையனும் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு பாடப் பகுதியைப் படிக்கக் கொடுத்தனர். இதில் தேர்வு உண்டு, புள்ளி உண்டு என்று சொல்லப்பட்டவர்கள், அவ்வாறு அச்சுறுத்தப்படாதவர்களைவிடக் கருத்தைக் குறைவாகவே புரிந்துகொண்டார்கள். மனனம் செய்ததும் ஒரு வாரத்தில் அவர்களிடமிருந்து அதிகமாக மறைந்துபோயிற்று.

இதுவரை மாணவரைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றி, அதாவது ஆசிரியரைப் பற்றிப் பேசுவோம். ஆசிரியர் ஏன் கட்டளையிடுபவராக மாறுகிறார்? 1982-இல் வெளிவந்த ஆய்வில் டெசியும் தோழர்களும் சிலரை ஆசிரியராக நடிக்கச் செய்து, புதிர் அமைப்பதைக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் 'மாணவர் கற்க உதவுங்கள்' என்று மட்டும் கூறப்பட்டது. மற்றவர்களிடம் 'மாணவர் உயர்ந்த தரத்தை எட்டுவது உங்கள் பொறுப்பு' என்று அழுத்திச் சொல்லப்பட்டது. பின்னர் ஒலிப்பதிவைக் கேட்டபோது, பொறுப்புச் சுமத்தப்பட்டவர்கள் ஓயாமல் பேசியிருந்தார்கள், அதிகமாக ஏவியிருந்தார்கள், குறையும் கூறியிருந்தார்கள். மாணவர் தாமே முயல விட்ட நேரம் குறைவு. அவர்கள் இயல்பிலேயே கடுமையானவர்கள் அல்லர். ஒரே ஒரு வாக்கியம் அவர்களை அப்படி ஆக்கியது.

கனடாவில் லுக் பெல்தியேயும் உடன் ஆய்ந்தோரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதை உண்மையான ஆசிரியர்களிடமே காட்டிற்று. பாடத்திட்டம், தர அளவு என்று மேலிருந்து வரும் அழுத்தமும், மாணவரின் ஊக்கமின்மை என்று கீழிருந்து வரும் அழுத்தமும் மிகுமிடத்தில் ஆசிரியரின் சொந்த ஊக்கம் குறைந்திருந்தது. அது குறைந்த இடத்தில், மாணவருக்கு அவர் தரும் உரிமையும் குறைந்திருந்தது.

நேயர்களே, தேர்ச்சி விழுக்காட்டை ஏட்டில் எழுதி, அதை வைத்தே நாம் அளக்கப்பட்ட நாள்களை எண்ணிப் பார்க்கிறோம். நட்சத்திர அட்டையைத் தொங்கவிட்டதும் அப்படியொரு பருவத்தில்தான். 'எத்தனை புத்தகம் படித்தார்கள்?' என்ற கேள்விக்கு எண்ணிக்கை காட்ட வேண்டியிருந்தது. நம்மீது விழுந்த சுமையை நாம் அந்தச் சிறுவன்மீது இறக்கிவைத்தோம். அவன் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

ஆகவே பள்ளித் தலைவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஆசிரியரிடம் புள்ளியை மட்டும் கேட்காமல், வகுப்பு எப்படி நடக்கிறது, என்ன உதவி வேண்டும் என்றும் கேளுங்கள். ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டு புத்தகங்களைக் காட்டி எது வேண்டும் என்று பிள்ளையைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். விதியைச் சொன்னால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவன் படித்து முடித்ததும் 'எந்த இடம் உனக்குப் பிடித்தது?' என்று கேட்டு, பொறுமையாகச் செவிகொடுங்கள்.

அந்தச் சிறுவனிடம் நாம் பின்னர் அப்படித்தான் கேட்கத் தொடங்கினோம். முதலில் தோளைக் குலுக்கினான். சில வாரங்கள் சென்றபின் ஒரு நாள், கதையில் வரும் நரி ஏன் பொய் சொன்னது என்று நம்மிடம் வாதாட வந்தான். அன்று அவன் நட்சத்திரம் கேட்கவில்லை.