கூப்பிடவும் ஓட்டவும் ஒரே மோட்டார்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எலக்ட்ரீஷியன் வேலை எனக்கு. ரோலிங் மில்லில் ஓடும் பெரிய மோட்டார்களின் வேகத்தை டிரைவ் வைத்துக் கூட்டுவதும் குறைப்பதும்தான் பொழப்பு. மோட்டார் வைத்த பொம்மைப் பறவையைக் காட்டி நிஜப் பறவையை வரவழைத்துச் சுடுவது வெளிநாட்டில் ஒரு பழக்கம் என்று தெரிந்ததும், என்ன வேகத்தில் சுற்ற விடுகிறார்கள் என்றுதான் முதலில் தேடிப் பார்த்தேன்.

இங்கிலாந்தில் இது பயிரை மேயும் காட்டுப்புறாவுக்காக. நடுவில் 12 வோல்ட் மோட்டார், இரண்டு பக்கமும் நீளக் கம்பி, நுனியில் புறா. சுற்றினால், மேலே போகிற கூட்டத்துக்கு வயலில் புறாக்கள் இறங்குவதாகத் தெரியும். அமெரிக்காவில் வாத்துக்கு வேறு மாதிரி. பொம்மை அப்படியே நிற்கும். இறக்கைத் தகடு மட்டும் சுழலும். தகட்டின் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. தூரத்திலிருந்து அந்த மினுக்கம், வாத்து சிறகடித்து இறங்குவதைப் போல இருக்கும்.

வேகத்தில்தான் சூட்சுமம். கார் வைப்பர் மோட்டார் நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டர் கம்பியை அதில் மாட்டினால் நுனியில் இருக்கும் பொம்மை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். தரையிறங்கும் புறா அப்படியா வரும்? வந்த கூட்டம் மிரண்டு திரும்பிவிடும். 10 சுற்றுக்குக் குறைத்தால் ஆறு கிலோமீட்டருக்குக் கீழே வந்துவிடும். நம்மைவிட வேகமான மினுக்கத்தையும் பறவையின் கண் பிரித்துப் பார்க்கும் என்பதால், நமக்குச் சரியாகத் தெரிவது அதற்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

எப்படிக் குறைப்பது? வழியில் ஒரு ரெசிஸ்டன்ஸைப் போட்டால் வேகம் குறையும். கூடவே இழுவையும் போய்விடும், ரெசிஸ்டன்ஸும் சுடும். எதிர்க்காற்று வந்தால் மோட்டார் திணறி நின்றுவிடும். இப்போது பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் வந்துவிட்டது. மின்சாரத்தை வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை விட்டு விட்டுக் கொடுக்கும். விடும் நேரம் கூடினால் வேகம் கூடும். ஒவ்வொரு தடவையும் முழு 12 வோல்ட் போவதால் மெதுவாகச் சுற்றும்போதும் இழுவை குறையாது. பேட்டரி இறங்க இறங்கவும், காற்று மாற மாறவும் குமிழைத் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்த ஏமாற்று நன்றாகவே பலிக்கிறது. அதனாலேயே கலிபோர்னியாவில் வாத்து சீசன் தொடங்கியதிலிருந்து நவம்பர் 30 வரை சுழலும் இறக்கைக்குத் தடை. வாஷிங்டன் மாநிலத்தில் நீர்ப்பறவை வேட்டைக்கு பேட்டரி பொம்மையே கூடாது.

பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்து மற்றதைக் கூப்பிட வைக்கும் வேட்டை நம் ஊரிலும் இருந்ததுதான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. சுடுவது மட்டும் வேட்டை இல்லை. வலை விரிப்பது, இரை காட்டி இழுப்பது, அதற்கு முயற்சி செய்வதும் வேட்டைதான். எங்கள் தாலுகாவிலும் பொன்னேரியிலுமாக 150 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருக்கும் பழவேற்காடு ஏரி, 1980 முதல் பறவைகள் சரணாலயம். குளிர்காலத்தில் பூநாரையும் ஊசிவால் வாத்தும் வந்து இறங்கும் இடம். பொம்மை வாத்துக்கு அங்கே வேலையே இல்லை.

ஆனால் மோட்டாருக்கு வேலை இருக்கிறது. ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி இதைக் கேட்டுவிட்டு, "மாமா, எனக்குக் கூப்பிட வேணாம். கதிர்ல உக்கார்ற சில்லையை ஓட்டிவிட்டா போதும்" என்றான். அதே வைப்பர் மோட்டாரில் பளபளக்கும் பழைய சி.டி.க்களைக் கட்டி வேகமாகச் சுற்ற விட்டால் குருவி விலகும். ஒரே சீராகச் சுற்றினால் சில நாளில் பழகிப்போய் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கதிரை உருவும். டைமர் போட்டு, கொஞ்ச நேரம் நிறுத்தி, திடீரென்று ஓட விட்டு, வேகத்தையும் மாற்ற வேண்டும். கம்பத்தையும் அடிக்கடி இடம் மாற்றி நட வேண்டும்.

பறவையைக் கூப்பிட வேகம் சீராக இருக்க வேண்டும். ஓட்ட வேண்டுமானால் சீராக இருக்கவே கூடாது. கன்ட்ரோலர் வாங்கும்போது மோட்டார் இழுக்கும் ஆம்பியரைவிட இரண்டு மடங்கு தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். மழையில் நனையாமல் மூடியும் வையுங்கள்.