தோளும் கையும்: எலும்பும் சொல்லும்

‘தோள்’ என்னும் சொல் இன்றைய வழக்கிற் பெரும்பாலும் கையும் உடலும் பொருந்தும் இடத்தையே குறிக்கின்றது. பண்டைப் புலவரோ மகளிர் தோளுக்கு மூங்கிலை உவமை கூறினர். நீண்டு திரண்ட மூங்கில் ஒரு பொருத்திற்கு எங்ஙனம் உவமையாகும்? இவ்வையம் நீங்க, உடற்கூற்றையும் சிறிது நோக்குதல் வேண்டும்.

ஒரு பக்கத்து மேலுறுப்பில் அமைந்த எலும்புகள் 32. அவை காறை எலும்பு 1, தோள்பட்டை எலும்பு 1, மேற்கை எலும்பு 1, முன்கை எலும்புகள் 2, மணிக்கட்டு எலும்புகள் 8, உள்ளங்கை எலும்புகள் 5, விரலெலும்புகள் 14 என்பன. பெருவிரலுக்கு இரண்டும் ஏனைய விரல்களுக்கு மும்மூன்றும் ஆக, விரலெலும்புகள் 14 ஆயின.

காறை என்பது கழுத்தணி. அவ்வணி கிடக்குமிடத்தை ஒட்டிக் கிடத்தலின், மார்பெலும்பையும் தோள்பட்டையையும் இணைக்கும் எலும்பு அப்பெயர் பெற்றது. தோள்பட்டை எலும்பு முதுகுப்புறத்தே தசைகளாற் பிணிப்புண்டு நிற்பது. ஆகலின், மேலுறுப்பை உடலின் நடுச்சட்டகத்தோடு எலும்புவழி இணைப்பது காறை ஒன்றே.

முன்கையிற் பெருவிரற் பக்கத்தது ஆரை எலும்பு. சுண்டுவிரற் பக்கத்தது அரந்தி எலும்பு. ஆரை என்பது சக்கரத்தின் ஆரைக்காலை நினைவூட்டும் பெயர். உள்ளங்கை மேனோக்கியிருக்கும்போது இவ்விரண்டும் இணையாக நிற்கும். கையைக் கவிழ்த்தால் ஆரை அரந்தியின் குறுக்கே செல்லும். முழங்கையிற் புறத்தே தட்டுப்படும் முனை அரந்தியினுடையது. அம்முனை தொடங்கி நடுவிரல் நுனிவரை அளப்பதே முழம்.

இனித் தோளுக்கு வருவோம். பொருத்திற்கும் முழங்கைக்கும் இடையே உள்ளது ஒரே நெடிய எலும்பு. அதனைச் சூழ்ந்து தசை திரண்டுள்ளது. தோள்வளை அணியப்பெற்ற இடமும் இதுவே. பொருத்தின்மேல் வளை நில்லாது. எனவே, பழந்தமிழில் தோள் என்பது பொருத்தோடு மேற்கையையும் அடக்கிய சொல் என்பது பெறப்படும். மூங்கில் உவமையும் பொருந்துவதாயிற்று.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, உடற்கூற்று நூலையும் தமிழாக்கினார். அத்தகு பணியில் ஈடுபடுவோர்க்கு ஒவ்வோர் உறுப்புப்பெயரின் எல்லையையும் வரையறுத்தல் இன்றியமையாதது. மேற்கை எலும்பு என்னும் பெயரில் இவ்வகை மயக்கத்திற்கு இடமில்லை. ஆனால், அக்கலைச்சொல்லின் எல்லையைப் பழம்பாடல்மேல் ஏற்றி, தோளைப் பொருத்தளவிற் சுருக்கிப் பொருள்கொள்ளின் உவமை சிதையும். மருத்துவ நூலார்க்குச் சொல்லின் வரலாறும், இலக்கிய மாணவர்க்கு உறுப்பின் அமைப்பும் ஒருங்கே வேண்டப்படுவன என்க.