எஞ்சினும் மோட்டாரும்

எஞ்சின், மோட்டார் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களும் நம் கிணற்றடிக்கு வந்து வெகுகாலமாகிறது. டீசலில் ஓடுவது ஆயில் எஞ்சின், மின்சாரத்தில் ஓடுவது மோட்டார் என்று அகராதியைப் புரட்டாமலே பேதம் சொல்லும் குடியானவர், மோட்டார் சைக்கிளின் எஞ்சின் பழுதாகிவிட்டது என்றும் அதே வாயால் சொல்வார். அதில் பிழையில்லை, ஆங்கிலேயரின் வழக்கமும் அதுவே.

புத்திசாதுரியத்தைக் குறிக்கும் லத்தீன் பதத்தின் வழிவந்த எஞ்சின் என்னும் சொல், ஒரு காலத்தில் கோட்டை மதிலைத் தகர்க்கும் பொறிகளையும் குறித்தது. பல்சக்கரங்களால் கணக்குப் போடுவதற்கென்று சார்ல்ஸ் பாபேஜ் வகுத்த யந்திரமும் அப்பெயரையே பெற்றது. ஆனால், 1712-இல் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கமொன்றில் ஊறிய நீரை இறைப்பதற்காகத் தாமஸ் நியூகோமன் நிறுவிய யந்திரத்தில், உருளைக்குள் நிரம்பிய நீராவி குளிர்ந்த நீர் பீச்சப்பட்டதும் சுருங்கி வெற்றிடமாக, வெளிக்காற்றின் பாரம் பிஸ்டனைக் கீழே அழுத்த, அதனோடு பிணைத்த உத்தரத்தின் மறுமுனை சுரங்கத்து நீரை மேலே தூக்கிய அந்த விந்தைக்குப் பிறகு, எஞ்சின் என்றவுடன் நெருப்பின் நினைவே ஜனங்களுக்கு வரலாயிற்று.

அசைப்பது என்னும் பொருளுடைய மோட்டாரின் சரித்திரம் வேறு. 1821-இல் மைக்கேல் பாரடே, பாதரசம் நிறைந்த கிண்ணத்தின் நடுவே காந்தத்தை நிறுத்தி, மேலிருந்து தொங்கிய கம்பியின் நுனி பாதரசத்தைத் தொடும்படி வைத்து மின்சாரம் செலுத்தியபோது, அக்கம்பி காந்தத்தைப் பிரதட்சிணம் செய்தது. எரிபொருளின் சக்தியைத் தானே வெளிக்கொணர்வது எஞ்சின், பிற இடத்தில் பிறந்த சக்தியை வாங்கிச் சுழற்சியாக்குவது மோட்டார் என்று பாகுபடுத்துவது பெரும்பாலும் பொருந்தும்; எனினும் பெட்ரோல் குடிக்கும் வண்டியை மோட்டார் கார் என்றழைத்த உலகம் இந்த நியாயத்தைப் பொருட்படுத்தவில்லை.

ராக்கெட் சாஸ்திரிகளின் பிரயோகமோ இன்னும் விசித்திரமானது. நமது பி.எஸ்.எல்.வி.யின் முதற்கட்டத்தில் எரிவது திட எரிபொருள். நெருப்பைக் கக்கினாலும் அதற்குப் பெயர் மோட்டார். இரண்டாங்கட்டத்தில் திரவங்களைப் பம்புகளால் தள்ளி எரிக்கும் விகாஸ், எஞ்சின். பம்பும் குழாயும் வேண்டாமல், உறைக்குள் வார்த்த எரிபொருளே எரிந்து தீரும் சாதனத்தை ஒரு பெயராலும், நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் நிறுத்தி ஓட்டிப் பரிசோதிக்கும் சிக்கலான யந்திரத்தை மற்றொன்றாலும் வழங்கும் இவ்வழக்கம், இலக்கணத்துக்கு அடங்காவிடினும் வேலைக்கு மிகவும் சௌகரியமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.