மீதியில் இருக்கிறது கணக்கு

கணினியின் செயலிக்கு இயல்பாகத் தெரிந்தவை கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். சைன் மதிப்பையும் இவற்றைக் கொண்டே கட்டியெழுப்ப வேண்டும். புதுச்சேரியை அடுத்த வில்லியனூரும் பாகூரும் ஏறத்தாழ 12 பாகை வட அட்சரேகையில் உள்ளன. அங்கே பகல்பொழுதின் நீளத்தைக் கணிக்கும் நிரலுக்கு 12 பாகையின் சைன் தேவை என்று கொள்வோம். 12 பாகை என்பது 0.2094395 ரேடியன். அதன் மும்மடிப் பெருக்கத்தை 6ஆல் வகுத்துக் கழித்தால் 0.2079083. ஐந்தாம் அடுக்கை 120ஆல் வகுத்துக் கூட்டினால் 0.2079117. மூன்றே உறுப்புகளில் ஏழு தசம இடம் வரை சரியான விடை கிடைத்துவிடுகிறது. சங்கமகிராமத்து மாதவர் கேரளத்தில் 14ஆம் நூற்றாண்டிலேயே கண்ட தொடர் இது.

மென்பொருள்கள் இத்தொடரை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. தொடரின் பிழை பூச்சியத்தருகே மிகக் குறைவு, விலக விலக ஏறும். ஆகவே கெழுக்களைச் சற்றே திருத்தி, பிழையை வீச்சு முழுவதும் சமமாகப் பரப்பிவிடுகிறார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1993இல் வெளியிட்ட நூலகம் 13ஆம் அடுக்கோடு நிறுத்திக்கொள்கிறது, ஆறே கெழுக்கள். ஜாவா மொழியின் கண்டிப்பான கணிதப் பிரிவு இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறது. ஆனால் அந்தச் சூத்திரம் −45 பாகை முதல் 45 பாகை வரைதான் செல்லும்.

அதற்கு வெளியே உள்ள கோணத்தை முதலில் உள்ளே கொண்டுவர வேண்டும். பையின் (π) பாதியால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். உண்மையான தொல்லை இங்கேதான். பையின் மதிப்பில் உள்ள சிறு குறை, ஈவு எவ்வளவோ அத்தனை மடங்காகப் பெருகி மீதியில் வந்து சேரும். வில்லியம் கோடியும் வில்லியம் வெயிட்டும் 1980இல் காட்டிய வழி, பையைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகக் கழிப்பது. கோணம் மிகப் பெரிதானால் அதுவும் போதாது. சன் நூலகம் அதற்கென 2/பை மதிப்பைப் பதினாறடிமான எண்முறையில் 396 இலக்கம் வரை கையிருப்பில் வைத்திருக்கிறது. 10இன் 22ஆம் அடுக்கு ரேடியனுக்கு −0.8522008497671888 என்று அது சரியாகச் சொல்வது இதனால்தான்.

மீதியைக் காப்பாற்றும் இந்த வித்தை புதுச்சேரிக்குப் பழசு. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1768இல் வந்து, மறு ஆண்டு மேகத்தால் ஏமாந்த பிரெஞ்சு வானியலர் லெ ஜென்டில், அங்கிருந்த காலத்தில் தமிழர்களின் கிரகணக் கணிதத்தைக் கற்றுக்கொண்டார். பயணம் வீணாகவில்லை என்றே சொல்லலாம். பின்னர் வானியலர் ஜான் வாரன் அதே ஊரில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்கள் எனப்படும் மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டு 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவுசெய்தார்.

அந்த வாக்கிய முறையில் கலியுகத் தொடக்கம் முதல் ஓடிய நாள்களிலிருந்து 16,00,984ஐக் கழிப்பார்கள். எஞ்சியதை 12,372ஆல் வகுத்து, அதன் மீதியை 3,031ஆல், அதன் மீதியை 248ஆல் வகுப்பார்கள். கடைசி மீதி, 248 வாக்கியங்களில் எதை எடுப்பது என்று சொல்லும். சந்திரன் பூமிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அதே நிலைக்கு வர 27.55455 நாள் ஆகும். அதன் 9 சுற்று 247.99 நாள், 110 சுற்று 3,031 நாள், 449 சுற்று 12,371.99 நாள். 248ஐ மட்டும் வைத்து ஒரு லட்சம் நாளைக் கழித்தால் பிழை மூன்றரை நாளைத் தாண்டும். பெரிய வகுஎண்ணிலிருந்து தொடங்கினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் அடங்கும். சைன் கணக்கோ வாக்கியங்களுக்குள் முன்னமே போட்டு முடிக்கப்பட்டது. சோழி நகர்த்துபவர் அதைத் தொடவே வேண்டாம்.

1825 கணிப்பைப் பிற்காலத்தில் சோதித்த அறிவியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கெபௌவர், கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடப் பிழை கண்டார். மனப்பாடத்துக்கு இது மோசமில்லை.

மீதியில் சறுக்கியவர்கள் நவீன உலகிலும் உண்டு. இன்டெல் செயலிகளின் சைன் கட்டளை, 66 பிட் பையைக் கொண்டே கோணத்தைக் குறைத்தது; பைக்கு மிக அருகில் விடையின் முதல் சில இலக்கங்களே தேறின. துல்லியம் குறித்த தன் ஆவணத்தை நிறுவனம் 2014இல் திருத்திக்கொண்டது. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, பைதானில் பையின் சைனைக் கேட்டால் பூச்சியத்துக்குப் பதில் வரும் 1.22 × 10⁻¹⁶. கணினியில் சேமிக்கப்பட்ட பை, உண்மைப் பையைவிட அவ்வளவு குறைவு. சைன் சார்பு அந்தக் குறைவைத்தான் பிசகின்றித் திருப்பித் தருகிறது.