நான்கு டம்ளர் பாலில் நுண்ணுயிரிப் பாடம்

நுண்ணுயிரிகள் பாடம் வந்தால் பல வகுப்பறைகளில் முதலில் கரும்பலகைக்கு வருவது நோய்களின் அட்டவணைதான். காலரா, டைபாய்டு, காசநோய், அவற்றுக்கு எதிரே கிருமியின் பெயர். பிள்ளைகள் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர் என்றாலே நோய் என்ற எண்ணமும் கூடவே தங்கிவிடுகிறது. அதை மாற்ற ஆய்வகம் தேவையில்லை. அரை லிட்டர் பாலும் கொஞ்சம் உறைத்தயிரும் போதும்.

நான்கு கண்ணாடி டம்ளர்களில் காய்ச்சிய பாலை ஊற்றுங்கள். முதலாவதில் வெதுவெதுப்பான பாலில் ஒரு சிறு கரண்டி உறை. இரண்டாவதில் அதே சூட்டில் பால், உறை கிடையாது. மூன்றாவதில் கொதிக்கக் கொதிக்க இருக்கும் பாலில் உறை. நான்காவதில் ஆறிய பாலில் உறை ஊற்றி, ஐஸ் நிரப்பிய பாத்திரத்துக்குள் வைத்துவிடுங்கள். எது உறையும், எது உறையாது என்று ஒவ்வொரு பிள்ளையும் முன்கூட்டியே நோட்டில் எழுதட்டும். நம் ஊர் வெயிலுக்குக் காலையில் வைத்தால் கடைசிப் பீரியடுக்குள் முதல் டம்ளர் உறைந்துவிடும்.

உறையில் இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளிவிடுகின்றன. அமிலம் ஏற ஏற, பாலில் மிதந்துகொண்டிருந்த கேசின் புரதம் ஒன்றோடொன்று சேர்ந்து கெட்டியாகிறது. நீல லிட்மஸ் தாளை நனைத்தால் சிவப்பாக மாறும். கொதிக்கும் பாலில் அந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் செத்துவிடும். ஐஸில் அவை சாவதில்லை, வேலை மட்டும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. குளிர்பதனப் பெட்டியில் மாவு புளிக்காமல் இருப்பது ஏன் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

என் கணிப்பில், இதில் மிக முக்கியமானது ஒன்றும் நடக்காத இரண்டாவது டம்ளர்தான். அது இல்லாவிட்டால், பாலை உறைய வைத்தது உறைதான் என்று எப்படிச் சொல்வது? ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் என்பதைப் பத்து வயதில் புரிந்துகொண்ட குழந்தை, பிற்காலத்தில் எந்த விளம்பரத்தையும் சட்டென்று நம்பிவிடாது.

உறை இல்லாத நாளில் பச்சை மிளகாய்க் காம்பைப் பாலில் போடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதையும் சோதிக்கலாம். பச்சைக் காம்பு ஒரு டம்ளரில், வெந்நீரில் நன்றாகக் கொதிக்கவைத்த காம்பு இன்னொன்றில். வேலை செய்வது காம்பா, காம்பின் மேல் ஒட்டியிருக்கும் உயிர்களா? விடையை ஆசிரியர் சொல்ல வேண்டாம்.

ரொட்டித் துண்டுகளை அழுக்குக் கையாலும் கழுவிய கையாலும் தொட்டுப் பைகளில் மூடி வைக்கும் சோதனை பல பள்ளிகளில் நடக்கிறது. நல்ல சோதனைதான், ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். ரொட்டியில் வளர்வது பெரும்பாலும் பூஞ்சை. அதன் வித்துகள் காற்றிலேயே மிதக்கின்றன. ஆகவே கழுவிய கை தொட்ட துண்டிலும் பூஞ்சை வரலாம். ஒரே துண்டை வைத்து முடிவு கட்டாமல் வகுப்பு முழுவதும் செய்து எண்ணிப் பார்க்க வேண்டும். வளர்ந்ததைக் காட்டி "இதுதான் உன் கையிலிருந்த நோய்க்கிருமி" என்று சொல்வது தவறு.

நேரில் பார்க்கும் ஆசைக்கு ஃபோல்டுஸ்கோப் உதவும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கிய, காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி அது. 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். குளத்து நீரில் வைக்கோலைச் சில நாள் ஊறவைத்து ஒரு சொட்டை வைத்தால் பாரமீசியம் நீந்துவதைக் காணலாம். தயிர்ப் பாக்டீரியா இதில் தெளிவாகத் தெரியாது. அதன் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்.

கிராமத்துப் பள்ளிகளுக்கு இன்னொரு வசதி, பக்கத்திலேயே கடலைக்காடு. ஒரு செடியை மண்ணோடு மெல்லப் பெயர்த்து வேரை அலசினால் சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தரும் ரைசோபியம் வகைப் பாக்டீரியா அங்கே உயிரோடு வேலை செய்கிறது என்பதற்கு அந்த நிறமே அடையாளம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோதனைக்கு வைத்த தயிரை யாரும் சுவைக்க விடாதீர்கள். பூஞ்சை பிடித்த பைகளை எக்காரணத்துக்கும் திறக்காதீர்கள், மூடியபடியே அப்புறப்படுத்துங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை அவற்றிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள். முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.